பேச்சிமுத்துவுக்குப் பாதி

அடுக்களைச் சுவரில் இருந்த மருந்தச்சு, சூசை மிக்கேலின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அன்றைய மாத்திரையை அச்சடித்துக் கொடுத்தது. அவர் அதை அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி அவருக்கு. மறு பாதி பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்துவுக்கு.

தூத்துக்குடித் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர் சூசை. மனைவி இறந்தபின் குளிக்காமல் கொள்ளாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவரை எழுப்பி உட்காரவைத்தது இந்த மாத்திரைதான். சாளை மீன் குழம்பின் ருசி நாக்குக்குத் திரும்பிய அன்று, கருவிக்கு முன்னால் சிலுவை போட்டுக் கும்பிட்டார். நல்லது கிடைத்தால் நாலு பேருக்குக் கொடுக்காமல் இருக்க நம் ஆட்களால் முடியுமா? தலைவலி மாத்திரையிலிருந்து சர்க்கரை மாத்திரைவரை, "எனக்குக் கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போடு" என்று நீட்டிப் பழகிய கை.

பேச்சிமுத்துவும் அப்போது அப்படித்தான் படுத்துக் கிடந்தார். மகன் மருத்துவரிடம் கூப்பிட்டதற்கு, "நான் என்ன கிறுக்கனா?" என்று ஒரே பிடியாக மறுத்தவர், கூட்டாளி கொடுத்ததை வாங்கி விழுங்கினார். தினமும் காலையில் சூசை போய்க் கதவைத் தட்டுவார். ஆளுக்குப் பாதி விழுங்கிவிட்டுக் காப்பி குடிப்பார்கள். கொஞ்ச நாளில் பேச்சிமுத்து தானாகவே சவரம் செய்துகொண்டார்.

சூசைக்குத்தான் மறுபடி படுக்கையை விட்டு எழ மனம் வரவில்லை. ரத்தத்தில் பாதி மருந்துதான் ஓடுகிறது என்று கருவி கோள் சொல்லிவிட, மருத்துவர் நஸ்ரீன் சுவர்த்திரையில் வந்தார். குட்டு வெளிப்பட்டது.

"ஐயா, அது உங்க உடம்புக்குன்னே அளந்து செஞ்சது. அவர் வயித்துல அது வெறும் மாவு."

"மாவா? அவரு நல்லா இருக்காரேம்மா."

"காலையில ஒரு ஆள் வந்து கதவத் தட்டுறதும் மருந்துதான். ஆனா அது மட்டும் போதாது. அவருக்குச் சொந்த மாத்திரை வேணும், உங்களுக்கு முழு மாத்திரை வேணும். நீங்களே அவர்ட்ட சொல்லுங்க."

மாவு என்று தெரிந்து மனுசன் திரும்பவும் படுத்துவிட்டால்? சூசை பயந்துகொண்டேதான் போய்ச் சொன்னார்.

பேச்சிமுத்து குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"நான் மாவத் தின்னது கெடக்கட்டும் வே. எனக்குக் குடுத்துட்டு நீரு பாதியிலயா கெடந்தீரு?" அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அந்த டாக்டரம்மாவக் கூப்பிடும். விரல நீட்டுதேன்."

அவர் வீட்டிலும் மருந்தச்சு வந்தது. முழு மாத்திரை மெல்ல மெல்ல இருவருக்கும் பிடித்தது. அவரவர் மருந்து அவரவர் வீட்டில் என்றான பிறகு கதவைத் தட்டத்தான் காரணம் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பேச்சிமுத்து, ஒருநாள் விடிந்ததும் தன் மாத்திரையைப் பிளந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எத்தன நாளு உம்ம மாத்திரையத் தின்னிருக்கேன். இன்னைக்கு என் மாத்திரையத் தின்னும்."

நஸ்ரீன் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, ஒருவருக்கென்று மட்டுமே மருந்து செய்யத் தெரிந்த அந்தக் கருவிகளுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். மறுநாளிலிருந்து இரண்டும் கூடுதலாக ஒன்றை அச்சடித்தன: கூட்டாளிக்குக் கொடுக்க, கருப்பட்டி சேர்த்த வெறும் மாவு.

மாவுதான் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும், அதை எடுத்துக்கொண்டு போகாத நாளுக்கு மறுநாள், இரண்டு பேர் ரத்தமும் கருவியிடம் மருந்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டது.