கறுப்புக் கட்டத்துக்குக் கீழே

“ஐயோ...!”

காலை ஒன்பதரை மணி. விசாரணைக் கமிஷன் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் கூட்டிப் பெருக்க வந்தவள் போட்ட அலறலில், கீழே செக்யூரிட்டி கையிலிருந்த டீ சிந்தியது.

அதிகாரி தன் மேஜையருகே குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த பேப்பர் வெயிட்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். பிணங்கள் அவருக்குப் பழகிவிட்டன... அலுவலகங்கள்தான் இன்னும் பழகவில்லை!

“சார்!” ஏட்டு மூச்சு வாங்கினார். “ஆள் கேமராவுல மாட்டிட்டான். எட்டே முக்காலுக்கு ஃபேக்டரி முதலாளி தனியா உள்ளே வந்திருக்கார். பத்தே நிமிஷத்துல ஓட்டமும் நடையுமா வெளியே போயிருக்கார். வீட்டுக்கு ஜீப் அனுப்பிட்டேன்.”

“எந்த ஃபேக்டரி?”

“பாய்லர் வெடிச்சு பதினோரு பேர் செத்தாங்களே... அதான் சார். இவர்தான் அதை விசாரிச்சார். நேத்து சாயங்காலம் ரிப்போர்ட்டை நெட்டுல போட்டாங்க.”

“பூசி மெழுகியிருப்பாரே?”

“ஆமா சார். முதலாளி மேல ஒரு தப்பும் இல்லையாம்!”

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

தப்பே இல்லை என்று எழுதிக் கொடுத்தவனை எவனாவது மண்டையில் போடுவானா?

மேஜை மேல் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது. கையுறை மாட்டிய விரலால் மவுஸை அசைத்தார். முதலாளிக்கு அதிகாரி நேற்று அனுப்பிய மெசேஜ் திறந்தபடியே கிடந்தது.

‘நாற்பத்தோராம் பக்கம். கறுப்புக் கட்டத்துக்குக் கீழே பாருங்க. நீங்க தேடற ஆள் அங்கேதான் இருக்கான்.’

கீழே பதில்.

‘பார்த்தேன். காலையில நேர்ல வர்றேன்.’

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனார். ‘பாய்லரில் முன்பே விரிசல் இருந்ததைக் காட்டும் படங்களை ரகசியமாக அனுப்பியவர்:’ என்று ஒரு வரி. அதையடுத்து ஒரு கறுப்புக் கட்டம்.

அந்தக் கட்டத்தை நம்பித்தான் எவனோ ஒரு தொழிலாளி இன்னும் அதே ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்க் கொண்டிருக்கிறான். அவன் உயிரைத்தான் அதிகாரி விற்றிருக்கிறார்!

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“பேரை மறைச்சது யாரு?”

“நான்தான் சார்.”

வாசலில் டைப்பிஸ்ட் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“எதுல மறைச்சீங்க?”

“ஆன்லைன்ல சார். பிடிஎஃப்ல திருத்தறதுக்கு, குறிப்பு எழுதறதுக்குன்னு நிறைய வெப்சைட் இருக்கு. நாலு பார்த்தேன். ஒண்ணு பக்கத்துக்குப் பக்கம் தன் முத்திரையைக் குத்திச்சு. இன்னொண்ணுல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. மூணாவதுதான் சரியானது. மறைச்சா, அடியில இருக்கிற எழுத்தையே அடியோட அழிச்சிடும்.”

“அதுலதானே செஞ்சீங்க?”

“சார் விடல. நாலாவதுல செய்யச் சொன்னார்.”

“அது என்ன பண்ணும்?”

“சும்மா மேலே கறுப்பா ஒரு கட்டம் ஒட்டும் சார். அடியில எழுத்து அப்படியே இருக்கும்.”

“இது அவருக்குத் தெரியுமா?”

“பக்கத்துல நின்னு, தானே காப்பி பண்ணி ஒட்டிப் பார்த்தார் சார். பேர் வந்துச்சு. ‘அருமை’ன்னார். ஏதாவது ஆனா, டைப்பிஸ்ட் தெரியாம செஞ்சுட்டாள்னு என் தலையில கட்டிடலாமில்ல?”

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். கறுப்புக் கட்டத்தின் மேல் மவுஸை இழுத்தார். காப்பி செய்தார். ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார்.

பெயர் வந்து விழுந்தது!

படித்தார்... மேஜை மேலிருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார்... மறுபடி படித்தார்.

இரண்டும் ஒன்று!

“ஏட்டய்யா... இது இவரோட பேரு!”

“அப்போ முதலாளி...”

“என்கிட்ட பணத்தை வாங்கிட்டு, படத்தையும் இவனே அனுப்பிட்டு, அதைக் கட்டத்துக்குக் கீழே பாருன்னு கிண்டல் வேற பண்றானேன்னு வந்திருக்கான்!”

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

“அவர் ஒட்டிப் பார்த்தப்போ வேற பேருதானே வந்துச்சு?”

“ஆமா சார்.”

“யார் பேரு?”

“என் தம்பி பேரு.”

இன்ஸ்பெக்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“சார் காப்பி குடிக்க வெளியே போனார்.” அவள் குரல் உயரவே இல்லை. “கட்டத்தை எடுத்தேன். பேரை மாத்தினேன். கட்டத்தைத் திரும்ப வெச்சேன். நெட்டுல போட்டேன். அவன் என் தம்பின்னு சாருக்குத் தெரியாது. எட்டு வருஷம் ஒரே ரூம்ல உட்கார்ந்தோம்... வீட்ல யார் இருக்காங்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல.”

“ஒருத்தர் செத்துட்டார்மா!”

“பதினோரு பேருக்கு அப்புறம் சார்.”

“தம்பி எங்கே இப்போ?”

“ரெண்டாவது ஷிஃப்ட். மதியச் சாப்பாடு கட்டி வெச்சுட்டுத்தான் வந்தேன்.”

“அந்த வெப்சைட்காரங்களைக் கேட்டா, நீங்க மாத்தின ஃபைலைக் கொடுத்துடுவாங்க. தெரியுமா?”

“ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் அழிச்சிடறாங்க சார். அதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் நாலாவதுக்கு நானும் தலையாட்டினேன்.”

“ஆதாரமே இல்லைன்னு தெரிஞ்சும் எதுக்கு இதையெல்லாம் எங்கிட்ட சொல்றீங்க?”

“நீங்க கேட்டீங்க சார். இந்த ஆபீஸ்ல என்னை யாரும் எதையும் கேட்டதில்ல.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். பதினோரு பேர் வெந்து செத்ததற்கு இந்த மேஜையில் யார் மேலும் ஒரு தப்பும் எழுதப்படவில்லை. இவள் மாற்றியது ஒரே ஒரு பெயர். அதற்குச் சட்டப் புத்தகம் முழுக்க இடமிருக்கிறது!

நினைக்கவே கசந்தது.

“வாக்குமூலம் எழுதட்டுமா சார்?” ஏட்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நம்ம ஸ்டேஷன்ல சாட்சி பேரையெல்லாம் எதுல மறைக்கிறோம்?”

“அதே... நாலாவதுதான் சார். ஃப்ரீயாச்சே!”

“எழுதுங்க. ஆனா மேலே அனுப்பறதுக்கு முன்னாடி, கட்டத்துக்குக் கீழே என் பேரு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க ஏட்டய்யா... எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு!”