அடிக்காத விசில்

அன்றைக்குக் கடல் சரியில்லை, ஒரு படகும் இறங்கவில்லை என்று யோகேஸ்வரிக்கு யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அடுப்பைப் பற்றவைத்திருக்கவே மாட்டாள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, இ.சி.ஆர் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பம் அது. மாமியார் காசியம்மாள் விடிவதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனால், ஏலம் எடுத்துத் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த இடைவெளியில்தான் யோகேஸ்வரி குக்கரை ஏற்றுவாள். ஏற்றுவாளே தவிர, விசில் அடிக்க விடமாட்டாள். ஆவி முட்டிக்கொண்டு வருகிற சமயம் பார்த்து, கரண்டிக் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். உஸ்ஸென்று ஆவி கையைச் சுடும். சுட்டால் சுடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வலது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு பட்டையே விழுந்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் வேலை செய்கிற ரிசார்ட்டில் எண்ணெய் தெறித்தது என்று சொல்லிவைத்திருந்தாள்.

இப்படி ஒளித்து ஒளித்துச் சமைக்கிறாளே, ஏதோ பெரிய விருந்து என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் கேரட். அவள் மத்தியானம் வேலைக்குப் போகிற ரிசார்ட் சமையலறையில், வெள்ளைக்காரர்களுக்கு மீன் வறுவலோடு தட்டு ஓரத்தில் வைப்பார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு வேகவைத்து, தண்ணீர் சுண்டி, துண்டு துண்டாகப் பளபளவென்று மின்னும். யோகேஸ்வரி சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டாள், துளி சுக்குப் பொடி சேர்த்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்த வீட்டு அடுப்பில் இனிப்பு ஏறக் கூடாது. காசியம்மாளின் இளைய மகன் சூர்யா, கரை சேரும் நேரத்தில் அலையில் படகு கவிழ்ந்து செத்துப்போய் இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காரியம் முடிந்த அன்றே காசியம்மாள் சொல்லிவிட்டாள், வருஷம் திரும்புகிற வரைக்கும் இந்த வீட்டில் வெல்ல வாசனை வரக் கூடாது, பொங்கலானாலும் சரி தீபாவளியானாலும் சரி என்று. சாவு விழுந்த வீட்டுக்கு அதுதான் வழக்கம். பெற்றவள் வயிறெரிந்து சொல்லும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

கரண்டியைப் பிடித்தபடி நின்றவளுக்குப் பின்னால் தொப்பென்று கூடை விழுந்தது. திரும்பினாள். பின்வாசலில் காசியம்மாள். கூடையில் ஒரு மீன்கூட இல்லை.

"இன்னா பண்ணிகினு கீற?"

யோகேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். காசியம்மாள் அவளைத் தள்ளிவிட்டு மூடியைத் திறந்தாள். வெல்லமும் வெண்ணெயுமாக வாசனை வீடு முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு வச்சலா நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாளாம், உன் வூட்டுல காலங்காத்தால பாகு வாசன வருதே இன்னா விசேஷம் என்று. என் மருமவ அப்படிப்பட்டவ இல்ல என்று காசியம்மாள் அவளோடு சண்டைக்கே போயிருக்கிறாள். அதையெல்லாம் சொல்லிவிட்டு, "யாருக்குடி இது?" என்று கேட்டாள்.

உள் அறையின் ஸ்க்ரீன் துணிக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. சூர்யாவின் பெண்டாட்டி தேவிப்பிரியாவின் பாதங்கள். அந்தக் கால்விரல்கள் தரையை அழுத்திக்கொண்டிருப்பதை யோகேஸ்வரி பார்த்தாள்.

"எனக்குத்தான் அத்த. ஆசையா இருந்துச்சி."

காசியம்மாள் மூடியைத் தரையில் வைத்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் கத்தவில்லை.

"எம்புள்ள உப்புத் தண்ணி குடிச்சி செத்தான். ஒனக்கு வாய்க்கு இனிப்பு கேக்குது... வயித்துல ஒண்ணச் சுமந்திருந்தா தெரியும்டி, போன வலி. நீ இன்னாத்தக் கண்ட?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஊரில் எத்தனையோ பேர் ஜாடையாகச் சொன்னதுண்டு. இந்த மாமியார் ஒரு நாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது அவர்கள் வாயை அடைத்தவளே இவள்தான். அவள் வாயிலிருந்து அது வந்ததும் யோகேஸ்வரிக்கு நெஞ்சுக்குள் என்னவோ அறுந்துபோன மாதிரி இருந்தது. காசியம்மாள் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய், பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகே மணலில் அப்படியே கொட்டிவிட்டாள்.

இப்போது அந்த ஸ்க்ரீனுக்குப் பின்னால் இருந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவிப்பிரியா இந்தக் கரைப் பக்கத்துப் பெண் இல்லை. சொந்த ஊர் படாளம். வயலும் வரப்புமாக வளர்ந்தவள், மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சூர்யா கொஞ்ச காலம் அங்கே கான்ட்ராக்ட் வேலைக்குப் போனபோது பழக்கமாகிக் கட்டிக்கொண்டார்கள். கம்பெனி பஸ்ஸில் புருஷன் பிடித்தவள் என்று குப்பம் அவளுக்குப் பெயர் வைத்தது. காசியம்மாளும் அவளை முழு மனசாக ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல முடியாது.

சூர்யாவைக் கிடத்தியிருந்தபோது, எடுப்பதற்கு முன்னால், ஊர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. போனவன் பெண்டாட்டி வயிற்றில் ஏதாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறானா என்று சபை அறிய வேண்டும். பிறகு பிறக்கிற பிள்ளைக்கு யாரும் வேறு தகப்பன் பேர் வைக்கக் கூடாது பாருங்கள், அதற்காக. காசியம்மாளேதான் அவள் மோவாயைத் தூக்கிக் கேட்டாள். அந்தப் பெண் கேள்வி புரிந்ததோ புரியவில்லையோ, இல்லை என்று தலையாட்டினாள். ஊரே பார்த்தது.

அப்புறம்தான் நாள் தள்ளிப்போயிருப்பதே அவளுக்கு உறைத்தது. மீன் குழம்பு கொதித்தால் ஓடுகிறாள், வலைக்குவியல் பக்கம் போய்க் குமட்டுகிறாள். முதலில் கண்டுபிடித்தவள் யோகேஸ்வரி. சூர்யாவின் இறப்புச் சான்று வாங்கப் போகிறோம் என்று சொல்லி அவளைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சூர்யா இருக்கும்போதே தரித்ததுதான் என்று டாக்டரம்மா சொன்னார். ஊருக்கு டாக்டர் கணக்கு எதற்கு? சபையில் இல்லை என்றவள் இப்போது இருக்கு என்றால் ஊர் வேறு கணக்குப் போடும். பஸ்ஸிலேயே தேவிப்பிரியா காலில் விழாத குறையாக அழுது, தனக்குத் தைரியம் வரும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் யோகேஸ்வரி கடற்கரையில் தனியாக உட்கார்ந்து அழுதாள். பொறாமையும் அதில் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஒன்பது வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றியவளுக்கு இல்லை, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வந்து நிற்கிறது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, திரும்பும் வழியில் கேரட் வாங்கி வந்தாள். சோறு தங்கவில்லை, இட்லி தங்கவில்லை, இந்த ஒன்றுதான் அந்தப் பெண்ணின் வயிற்றில் தங்கியது.

கேரட்டைக் கொட்டிய விஷயம் தெரிந்து யோகேஸ்வரியின் புருஷன் இருசப்பன் வலை பின்னுகிற இடத்திலிருந்து வந்தான். மூத்தவன், நல்லவன்தான், ஆனால் அம்மா அழுதால் அவனுக்குப் பாதி அறிவு போய்விடும். உண்மையா என்று பெண்டாட்டியிடம் கேட்டான். உண்மைதான் என்றாள். தம்பி சாம்பல் ஆறுவதற்குள் உனக்கு எப்படி மனசு வந்தது என்றான். கொஞ்ச நாள் சதுரங்கப்பட்டினத்தில் உன் அம்மா வீட்டில் போய் இரு, அம்மா கண்ணில் படாதே என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் பைக்கை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான்.

அவள் பையில் நாலு புடவையைத் திணித்தாள். உண்மையைச் சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். தேவிப்பிரியா சுவரோரம் சுருண்டு உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

யோகேஸ்வரி அவள் பக்கத்தில் குனிந்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால் கேரட் இருக்கிறது என்றாள். கட்டைவிரல் கனத்துக்குச் சாய்த்து வெட்டணும், மெல்லிசா வெட்டினால் கூழாகிவிடும். அரை டம்ளர் தண்ணி போதும், அதற்கு மேல் ஊற்றாதே. வெல்லம், ஒரு ஸ்பூன் வெண்ணெய், உப்பு ஒரு சிட்டிகை. ஒரு விசில் கணக்கு. அதை அடிக்கவிடாமல் வெயிட்டைக் கரண்டியால் பிடித்துக்கொள். அப்புறம் திறந்து வைத்து, பாகு துண்டில் ஒட்டுகிறவரைக்கும் கிளறு. கையில் துணி சுற்றிக்கொள், ஆவி சுடும்.

"அக்கா, நான் சொல்லிடறேன்க்கா..."

"உனுக்கு எப்போ தெகிரியம் வருதோ அப்போ சொல்லு. எனக்காவ சொல்லாத."

முகம் கழுவிக்கொண்டு கிளம்பலாம் என்று குளியலறைக்குள் போனாள் யோகேஸ்வரி. திரும்பி வந்து பையை எடுத்தபோது சுவரோரம் தேவிப்பிரியா இல்லை. பின்வாசலில் காசியம்மாள் கல் மாதிரி நின்றிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த யோகேஸ்வரிக்குக் கையிலிருந்த பை நழுவியது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தேவிப்பிரியா குந்தியிருந்தாள். கொட்டிக் கிடந்த கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்து, மணலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி தின்றது எதுவும் தங்கவில்லை, காலையிலிருந்து பட்டினி. பசியில் அவளுக்கு யார் பார்க்கிறார்கள் என்றே தெரியவில்லை. இன்னொரு கை அடிவயிற்றில் இருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? காசியம்மாள் தள்ளாடிப் போய் அவள் எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டப்போ இல்லன்னு தலையாட்டினியேடி..."

"அப்போ எனக்கே தெரியாதுத்த. தெரிஞ்சப்புறம் எந்த வாயால சொல்றது? ஊரு இன்னா பேசும்? நீங்களே இன்னா நெனப்பீங்க? அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் செஞ்சி குடுத்தாங்க. நான்தான் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

யோகேஸ்வரி காசியம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைச் சொன்ன சொல்லெல்லாம் அப்போது அவளுக்கு நினைவில்லை. அந்தக் கிழவி வாயிலிருந்து சந்தேகமாக ஒரு வார்த்தை வந்தால் போதும், இந்தப் பெண்ணின் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும். போதாத குறைக்கு மதில் மேல் வச்சலாவின் தலை வேறு முளைத்துவிட்டது.

காசியம்மாள் நிமிர்ந்து அந்தத் தலையைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்க வச்சலா. எம்புள்ளையோட புள்ள. எவனுக்காவது சந்தேகம் இருந்தா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. புருஷன் பொணத்தப் பாத்துகினு இருந்தவளப் போய்க் கேட்டேன் பாரு, அது என் தப்பு. அவ தலையாட்டினது தப்பில்ல."

மதில் மேலிருந்த தலை காணாமல் போனது. காசியம்மாள் தேவிப்பிரியாவின் கையிலிருந்த மணல் கேரட்டைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, அவளை மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள். மகன் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த இருசப்பன் விஷயம் புரிந்து, கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே போனான். யோகேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவனோடு அவள் பேசவும் இல்லை. வேண்டியதுதான் அவனுக்கு.

கொஞ்சம் பொறுத்து காசியம்மாள் எழுந்து வந்து மூத்த மருமகளின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். அந்தச் சிவப்புப் பட்டையைத் தடவினாள். எண்ணெய்ச் சூடு இல்லையே இது என்றாள்.

அப்போதுதான் யோகேஸ்வரிக்கு உடைந்தது. "நீங்க அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன் அத்த. அந்த ஒரு சொல்லு... அத நீங்க சொல்லியிருக்கக் கூடாது."

காசியம்மாள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மகன் போன வேதனையில் சொல்லிவிட்டேன் என்று சாக்குக்கூடச் சொல்லவில்லை. "சொன்ன வாய இன்னா பண்றதுன்னு தெரியலியே யோகே" என்று மட்டும் சொல்லி, அவளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மீன் வாசமும் வியர்வையும் கலந்த அந்தத் தோளில் யோகேஸ்வரி ஏங்கி ஏங்கி அழுதாள். மனசு முழுதும் ஆறிவிட்டதா என்றால் இல்லை. அந்தச் சொல் இன்னும் எங்கேயோ குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்தத் தோளை விடவும் அவளுக்கு மனசில்லை.

பிறகு காசியம்மாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மீன் அரியும் அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்தக் கனத்துக்கு வெட்டணும் என்று கேட்டாள். யோகேஸ்வரி சொல்லச் சொல்ல வெட்டினாள், தண்ணீர் ஊற்றினாள். வெல்லத்தைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கி, சுவரில் மாலையோடு மாட்டியிருந்த சூர்யாவின் படத்தைப் பார்த்தாள். அவன் கோச்சிக்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெல்லத்தைத் தட்டிப் போட்டு மூடியைத் திருகினாள்.

ஆவி முட்டிக்கொண்டு வந்தது. பழக்க தோஷம், யோகேஸ்வரியின் கை தானாகக் கரண்டியைத் தேடியது. காசியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு. அடிக்கட்டும்."

விசில் அடித்தது. வச்சலா வீடு தாண்டி, தெருக்கோடி தாண்டி, கரையில் படகருகே சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். தேவிப்பிரியா தட்டை எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். காசியம்மாள் மூடியைத் திறந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பாகு துண்டில் ஒட்டுகிறவரைக்கும் கிளறிக்கொண்டிருந்தாள்.