சோம்பு வாசனை

வீட்டில் சோம்பு தீர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாங்கி வர மறந்து மறந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியவளே கலாவதிதான். ஆனாலும் அன்று மாலை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், அடுப்படியில் யாரோ ஒரு பிடி சோம்பை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாற்போல அந்த வாசனை எழுந்து வந்தது.

பேனாவை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். அடுப்பு ஆறிக் கிடந்தது. சோம்பு டின்னைத் திறந்து கவிழ்த்தாள். தகர வாடை மட்டும். பின்கதவைத் திறந்தபோது மழை விட்ட ஈரமும், கால்வாய்ச் சேற்றின் நாற்றமும், கால்வாய்க்கு அப்பால் வரிசை வரிசையாக இருட்டிக்கொண்டு வரும், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களும்தான் இருந்தன. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது; அதில் சோம்பு இல்லை. வாசனை அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள் இருந்தது.

செம்பனைப் பூ மலரும்போது இதே வாசனைதான் வரும். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பூ காட்டில் மலரும். வீட்டுக்குள் எது மலரும்?

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

லயத்து வரிசை வீடுகளில் ஆளே இல்லை. எல்லாரும் தாயம்மாவின் கருமாதிக்காகத் லோரியில் ஏறித் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குப் போயிருந்தார்கள். விளக்குக்கு இன்ஜின் போடுகிறவரும் அதே லோரியில் போய்விட்டதால், இருட்டினாலும் அவர் திரும்பி வரும்வரை வெளிச்சம் கிடையாது. கலாவதி மட்டும் போகவில்லை. பள்ளிக்கு எழுதவேண்டியது இருக்கிறது என்று சொன்னாள். அம்மா இராஜம்மா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

“ஒன்னத் தூக்கி வளத்தவ அவ,” என்றாள். போய் லோரியில் ஏறிக்கொண்டாள்.

அது உண்மை. அம்மா வேலைக்குப் போன நாட்களில், பக்கத்து வீட்டுத் தாயம்மா சின்னம்மாவின் இடுப்பில்தான் கலாவதி வளர்ந்தாள். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அம்மாவும் சின்னம்மாவும் ஒரே வேலை, பவுடர் அடிக்கிற வேலை. ஆண் பூவிலிருந்து உதிர்த்த மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, ரப்பர் உருண்டையும் நீளக் குழாயும் வைத்த பம்பில் போட்டுக்கொண்டு, மரம் மரமாகப் போய் மலர்ந்த பெண் பூவைத் தேடி அதற்குள் அடிக்கவேண்டும். அடித்தால்தான் குலை நிறையக் காய் பிடிக்கும். மாலையில் அந்தப் பெண்கள் திரும்பி வரும்போது இமை மயிர்கூட மஞ்சளாக இருக்கும்.

அந்த வேலைக்கு முடிவு கட்டத்தான் நடராஜா வந்திருந்தார். கம்பெனியின் பூச்சி ஆராய்ச்சியாளர். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள், அரிசி வண்டு அளவுதான், அதை விட்டால் ஆள் இல்லாமலே பூவுக்குப் பூ மகரந்தம் போய்ச் சேர்ந்துவிடும் என்றார்கள். எண்பத்திரண்டாம் வருஷத்தில் தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு. பெண்கள் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். தாயம்மா மட்டும் சத்தமாகவே, அந்த வண்டு நம்ம சோத்துல விழுந்த வண்டு என்று வேலை வாங்கும் மண்டோர் சின்னையாவிடம் சொல்லிவிட்டாள்.

கலாவதிக்கோ நடராஜா கடவுள் அனுப்பி வைத்த ஆளாகத் தெரிந்தார். அவள் படித்த ஐந்தாம் படிவத்தில், பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் அறிவியல் வேலையில் இருக்கும் ஒருவரோடு கூடவே திரிந்து, அவர் செய்வதைப் பார்த்து, பேட்டி கண்டு, வருஷ முடிவுக்குள் எழுதித் தர வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கடைக்கும் அலைந்தபோது, இவளுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு விஞ்ஞானி. அவருடைய லேண்ட்ரோவரில் ஏறிக் காட்டுக்குப் போனாள். மலர்ந்த பூவை அவர் வெட்டிப் பிரித்து உள்ளே பார்க்கும்போது பூதக்கண்ணாடி பிடித்தாள். இந்த வேலைக்கு முக்கியமாக என்ன வேண்டும் என்று அவள் கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

“பார்த்தத பார்த்தபடி சொல்லணும். அவ்வளவுதான். அது வராதவன் இதுக்கு வரக்கூடாது.”

வண்டுப் பெட்டி, பெண்கள் பம்புகளை வைக்கும் கொட்டகையில் இருந்தது. எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பால் டின்களில் நிறுத்தி வைத்திருந்தார். ஒருநாள் அவர் ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில், வண்டுகளை வெளிச்சத்தில் பார்க்கும் ஆசையில் கலாவதி பெட்டியைத் தூக்கி வாசலோரம் தரையில் வைத்தாள். வலைக்குள் கறுப்புப் பொட்டுகளாக ஊர்ந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தாளோ, வெளியே நடராஜாவின் லேண்ட்ரோவர் ஹார்ன் அடித்தது. ஓடிப்போய் வண்டியில் ஏறினாள். வண்டி கிளம்பும்போது தாயம்மா சின்னம்மா பம்பை வைக்கக் கொட்டகைக்குள் போவதைப் பார்த்தாள். பெட்டியைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

மாலையில் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் எறும்புகள் மட்டுமே இருந்தன.

நடராஜா கத்தவில்லை. கொட்டகைக்கு யாராவது வந்தார்களா என்று மெதுவாகக் கேட்டார்.  கலாவதியின் நாக்கு தானாக அசைந்தது.

“தாயம்மா சின்னம்மா வந்தாங்க சார்.”

பொய் இல்லை. அதற்குப் பின்னால் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

ஆபீஸ் வாசலில் கணக்கெழுதும் கிராணியும் மண்டோரும் விசாரித்தபோது தாயம்மா, நான் தொடவில்லை என்று ஒருமுறை சொன்னாள். கூட்டத்தில் நின்ற கலாவதியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை. அவளைக் களைக்கு மருந்தடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். புருஷன் சன்னாசியோடு வீடும் அடுத்த டிவிஷனுக்கு மாறியது. சில மாதங்களில் ஒரு மத்தியானம் மருந்து டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு போனவள் திரும்பவில்லை. மறுநாள் காலை ஒரு செம்பனையின் தூரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாரடைப்பு என்றார்கள். தேடிப்போனவர்கள் வேறொன்றும் சொன்னார்கள். பவுடர் வேலையை விட்டு அத்தனை மாதம் ஆகியும், அவள் முகம் முழுக்க மஞ்சளாக இருந்ததாம்.

கலாவதி மறுபடி மேசையில் உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள். “திரு. நடராஜா அவர்களிடம் நான் கற்றுக்கொண்டது” என்று எழுதினாள். அதற்கு மேல் கை நகரவில்லை.

பொஸ்க்.

தலையைத் தூக்கினாள். எங்கோ லயத்தின் கோடியில், ஈரத்துணியைப் பிழிந்ததுபோல, யாரோ ஒரே மூச்சில் ஊதியதுபோல ஒரு சத்தம். தவளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மழை பெய்த நாள். கால்வாய் நிறையத் தவளை.

பொஸ்க். பொஸ்க்.

தவளை இல்லை. சின்னப் பிள்ளையில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியேதான் மரத்தடியில் தூங்கியிருக்கிறாள். ரப்பர் உருண்டையை அழுத்தும் சத்தம். அழுத்துவார்கள், நிற்பார்கள், அடுத்த மரத்துக்கு நடப்பார்கள். இப்போதும் அப்படித்தான். சத்தம், நிற்றல், ஈரமண்ணில் செருப்பு ஒட்டிப் பிரியும் ஓசை, மறுபடி சத்தம். ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் நின்று நின்று வந்தது. பவுடர் அடிக்கிற பெண்கள் ஒரு மரத்தையும் விடமாட்டார்கள்.

கோழிகள் சத்தமே போடவில்லை. நாய் ஒன்று எழுந்து, குரைக்காமல், வாசல் வழியாக ரோட்டுப் பக்கம் போனது.

பக்கத்து வீடு. தாயம்மா இருந்த வீடு. அங்கே சத்தம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், காலி அறைக்குள், யாரோ மூச்சு விட்டார்கள். சோம்பு வாசனை தொண்டைக்குள் இறங்கிற்று.

பிறகு செருப்பு ஓசை அவள் வீட்டுப் பின்கதவுக்கு வந்தது.

நின்றது.

கலாவதி விளக்கைப் பார்த்தாள். சுடரைச் சுற்றி என்னவோ மிதந்தது. பலகை இடுக்கு வழியாக, சத்தமே இல்லாமல், மஞ்சள் தூள் மெல்லிய புகைபோல உள்ளே வந்துகொண்டிருந்தது. மேசைமீது படிந்தது. எழுதிய ஒரு வரியின் மேல் படிந்தது. அவள் கையின் மேல்.

அவள் முன்வாசல் வழியாக ஓடினாள்.

செம்மண் ரோடு செம்பனைகளுக்கு நடுவே அடுத்த டிவிஷன் வரை போகும். மட்டைகள் மேலே கோத்துக்கொண்டு வானத்தை மறைத்திருந்தன. ஓடினாள். ஓட ஓட ஒரே நினைப்பு: போய்ச் சொல்லிவிடவேண்டும். எல்லார் முன்னாலும், சன்னாசி காலில் விழுந்து, அம்மா முகத்தைப் பார்த்து, பெட்டியை இறக்கி வைத்தது நான்தான் என்று சொல்லிவிடவேண்டும். சொல்லிவிட்டால் இது போய்விடும். அந்த ஒரு வாக்கியம்தானே பாக்கி.

பின்னால் சத்தம் இல்லை. மூச்சு வாங்க நின்றாள். தூரத்தில், ரோடு முடிகிற இடத்தில், கேஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சம் மரங்களுக்கிடையே தெரிந்தது. ஆட்களின் பேச்சுச் சத்தம்கூடக் காற்றில் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

பொஸ்க்.

முன்னால்.

ரோட்டோரத்து மரத்தடியில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலையில் துணி கட்டியிருந்தாள். முழுக்கைச் சட்டை. மட்டைகளை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, ஒழுங்காக, பூவுக்குள் குழாயைச் செலுத்தி அடித்துக்கொண்டிருந்தாள்.

கடந்து ஓடியிருக்கலாம். ரோடு அகலம்தான். ஆனால் அந்த முதுகை அவளுக்குத் தெரியும். அந்த இடுப்பில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவள் அவள். கால் நகரவில்லை.

“சின்னம்மா,” என்றாள்.

கை நின்றது.

“நான்தான் சின்னம்மா. பெட்டியக் கீழ வச்சது நான்தான். மறந்துட்டேன். அவர் கேட்டப்ப சொல்லல. பயமா இருந்துச்சு.” சொல்லிவிட்டாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

“தெரியும்லா,” என்றது அந்தக் குரல். கோபமே இல்லை. சோறு ஊட்டும்போது பேசிய அதே குரல். “நீ எறக்கி வச்சத அன்னிக்கே பார்த்தேன். படிக்கிற புள்ளன்னு சொல்லல.”

திரும்பினாள்.

முகம் இருந்த இடத்தில் மஞ்சள் மட்டும் இருந்தது. அந்த மஞ்சள் அசைந்தது. கண் குழியிலும், மூக்கின் ஓரத்திலும், உதட்டு விளிம்பிலும் கறுப்புப் பொட்டுகள் அவசரமில்லாமல் ஊர்ந்து உள்ளே போயின, வெளியே வந்தன.

ஈரக் கை அவள் தாடையைப் பிடித்தது. மெதுவாக. வலிக்காமல்.

“வாயத் தெற.”

திறந்தாள்.

குழாய் பல்லைத் தொட்டது. பொஸ்க். இனிப்பு. தொண்டை முழுக்க, மூக்கு முழுக்க, மூச்சு போகிற வழியெல்லாம். இருமல் வரவில்லை. கத்த முடியவில்லை. வாயை மூடப் பார்த்தாள். மூடவில்லை.

செருப்பு ஓசை அடுத்த மரத்துக்குப் போனது.

எவ்வளவு நேரமோ. கால் மண்ணை விட்டு வரவில்லை. உதட்டில் முதல் வண்டு உட்கார்ந்தது. பிறகு ஒன்று. பிறகு கூட்டமாக.

லோரிச் சத்தம் கேட்டது. கருமாதி முடிந்து திரும்புகிறார்கள். ரோட்டு வளைவில் வெளிச்சம் திரும்பி, மரம் மரமாக வழுக்கி வந்து, அவள் மேல் முழுதாக விழுந்தது. லோரியின் பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். அழுது வீங்கிய முகம். அம்மா அவளைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். விரல் அசைக்க முயன்றாள் கலாவதி. எதுவும் அசையவில்லை.

அம்மா மூக்கை உறிஞ்சி வாசனை பிடித்தாள். பக்கத்தில் நின்ற மண்டோரிடம் கையை நீட்டிக் காட்டினாள்.

“அந்த மரத்துல பூ ஒண்ணு மலர்ந்திருக்கு பாருங்க. காலையில வந்து வெட்டிப் பிரிச்சுப் பாக்கணும்.”

மண்டோர் சரி என்று தலையாட்டினார். லோரி நிற்காமல் போயிற்று.