தோற்ற ஜெனரலுக்கு அவித்த கிழங்கு

"ஐயோ... என் புருஷனக் கொன்னுட்டாங்களே!"

இராக்கம்மாவின் அலறலில் ஸ்பிரிங்வெளி பங்களாவே விறைத்து நின்றது.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஜெர்மன் ஜெனரல் குப்புறக் கிடந்தார். தலை தண்ணி வடியும் கானுக்குள். முதுகெல்லாம் சிவப்பு.

ஜெனரல் என்றால் மாடசாமி. உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை அமெரிக்கப் படை பிடித்து ஆள்கிற கதையை, தோட்டத்து ஆட்களை வைத்தே ஒரு வெள்ளைக்கார டைரக்டர் இரண்டு வாரமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்கத் தளபதி, ஓய்வுபெற்ற கங்காணி எட்வர்ட். பொலிஸ் வந்ததும் நேராகத் தளபதியிடம்தான் போனது. ஏனென்றால்...

"நேத்து மாடசாமிய 'சுட்டுப் போடுவேன்'னு மெரட்டுனது நீங்கதானே?" சப் இன்ஸ்பெக்டர் றிஸாத் கேட்டார்.

"அது வசனங்க ஐயா."

"சாப்பாட்டு நேரத்துலயுமா?"

எட்வர்ட் சாப்பாட்டு மேசையைக் காட்டினார்.

"ஜெயிச்ச எங்களுக்குக் கோழிக்கறி. தோத்தவங்களுக்கு வெறும் அவிச்ச கிழங்கு. அப்பத்தான் மூஞ்சியில சோகம் வரும்னு டைரக்டர் உத்தரவு. அவன் என் தட்டுல கைய வச்சான்..."

"அதுக்காகக் கொன்னுட்டீங்க."

"நான் மாதா கோயில்ல பாட்டுப் படிக்கிறவங்க! கீழ எறங்கி ஒருதரம் பாருங்கையா."

"நீதவான் வர்ற வரைக்கும் பொணத்தத் தொடக்கூடாது."

பாதி சட்டம். மீதி, கான் சேற்றில் இறங்க மனம் வராத றிஸாத்தின் புதுச் சப்பாத்து. அவர் கைவிலங்கை எடுத்தார்.

கூட்டத்தைக் கண்டால் தலை எண்ணுவது கங்காணிப் புத்தி. எட்வர்ட் கடைசியாகத் தன் படையை எண்ணினார். நாற்பது தொப்பி இருக்க வேண்டிய இடத்தில்... நாற்பத்தொன்று!

"ஐயா, ஒரே ஒரு தடவ பெரட்டுக் கூப்புட்டுக்கிறேன்."

முப்பது வருஷம் விடியல் பெரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தொண்டை அது. குரல் கொடுக்கப் பிந்தினால் அன்றைக்கு அரை நாள்தான் பதிவு. அரைப்பேர்! அந்தப் பயம் தோட்டத்து ஆட்களின் எலும்பிலேயே ஊறிக் கிடந்தது.

"மாடசாமி!"

"இருக்கேங்க!"

குரல் அமெரிக்கப் படையின் கடைசி வரிசையிலிருந்து வந்தது. தொப்பிக்குக் கீழே மாடசாமி. வாயில் கோழிக்கால்.

கானுக்குள் கிடந்தது அவன் கழற்றிப் போட்ட உடுப்பு. உள்ளே மானாப்புல். முதுகில் தக்காளி சோஸ்.

"ரெண்டு வாரமா கெழங்குங்க... செத்தாத்தான் கட்சி மாற முடியும்னு பட்டுச்சு."

இராக்கம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் கட்டையைத் தேடினாள். றிஸாத் விலங்கை உள்ளே வைத்தார்.

எட்வர்ட் நிமிர்ந்தார்.

"செத்துட்டு லேட்டா வந்திருக்க. இன்னைக்கு ஒனக்கு அரைப்பேர்தான்!"