மூன்று நிமிஷம் இருபது விநாடி

சமையலறையில் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பஞ்சாபகேசனுக்கு முதலில் சந்தோஷம்தான். காதில் மெஷினை மாட்டி முழுசாகப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் பம்பாய் மாட்டுங்கா மொத்தமும் திரும்பி வந்துவிட்டது: மின்விசிறியின் கிறீச், ஃபிரிட்ஜின் உறுமல், ஜன்னல் கம்பியில் காக்காயின் நகம் உரசுவது, கீழே வாட்ச்மேன் காறித் துப்புவது, மழைக்கு யாரோ கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வது, இத்தனைக்கும் அடியில் மெலிசாக, விடாமல், ஸ-ப-ஸ என்று ஒரு ரீங்காரம். இரண்டு வருஷமாக இதையெல்லாம் விட்டுவிட்டோமே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது மனுஷனுக்கு.

பிறகுதான் உறைத்தது. இந்த வீட்டில் சுருதிப்பெட்டி ஓட வழியில்லை. அது பரணில், பழைய சூட்கேசுக்குள், பாட்டரி கசிந்து செத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி ஷ்யாமளா காலையிலேயே கோபர்கைரனேயில் இருக்கும் பெண்ணைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். போகும்போது, காதுக்குள் போட்டால் வெளியே தெரியாத அந்தக் குட்டி மெஷின் டப்பாவை அவர் கையில் திணித்து, "இன்னிக்கு முழுக்க மாட்டிண்டு பழகுங்கோ. நாளைக்கு மேடையில யாராவது எதாவது கேட்டா பேந்தப் பேந்த முழிக்காதேள்" என்று வாயை அகட்டிச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குக் காது போன சங்கதி உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் கதை கந்தல்.

ஏனென்றால் வாட்ஸப்பில் 'கேட்போர் கூடம்' என்று ஒரு குழு இருக்கிறது. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நெருள் வரைக்கும் நானூறு சங்கீதப் பைத்தியங்கள். யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்து போடலாம். மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்லலாம். ஆனால் குறை சொன்னால் நிமிஷம், விநாடி போட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே பஞ்சாபகேசன். 'நிஜமா காதால கேட்டவன் நேரத்தோட சொல்லட்டும்' என்று அன்றைக்கு எழுதினார். அப்போது அவருக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. குழுவில் அவருக்குப் பேரே விநாடி மாமா. நாளை ஞாயிற்றுக்கிழமை அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஹால் எடுத்து, சால்வை போட்டு, 'நுண்செவிச் செல்வர்' என்று பட்டம் வேறு தருகிறார்கள்.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். பால் பாத்திரம். மூடி. காஃபிப் பொடி வாசனை. வேறு ஒன்றுமில்லை. ரீங்காரம் இப்போது ஹாலிலிருந்து வந்தது. ஹாலுக்கு வந்தார். அங்கே ரீங்காரத்தின் மேல் ஒரு பெண் குரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

தோடி ராகம். மேடைக் குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பான, வீட்டு வேலை செய்து களைத்த குரல். த...த...ரி...ந என்று கீழேயிருந்து மெதுவாகப் படியேறி, காந்தாரத்தை, தோடிக்கே உயிரான அந்த 'க' ஸ்வரத்தைத் தொடப் போகும் இடத்தில் டக்கென்று நின்றது. ஒரு மூச்சு இழுத்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

வாசற்கதவைத் திறந்து பார்த்தார். எதிர் வீட்டு குஜராத்தி டிவி. லிஃப்ட் கேட் சாத்துகிற சத்தம். பாட்டு அங்கே இல்லை. கதவைச் சாத்தினார். இங்கே இருந்தது.

குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தமும் இருந்தது. டக்டக் டக்டக் என்று கனமான தையல் மெஷின். குரல் மொத்தையாகக் கேட்ட காலத்திலும் அந்த டக்டக் மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்திருந்தது, பதினோரு நாளும்.

ஏஞ்சலம்மாள்.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருந்த பொம்பளை. சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். குழுவில் சேர்ந்த முதல் நாளே ஐந்து நிமிஷத் தோடி ஆலாபனை ஒன்றைப் போட்டாள். பஞ்சாபகேசன் போனைக் காதோடு வைத்து அழுத்திக் கேட்டார். தையல் மெஷின் கேட்டது. பேரைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். இங்கேயெல்லாம் தோடி எங்கே வரப்போகிறது என்று தோன்றியது. '3:20. காந்தாரம் தப்பு' என்று போட்டார்.

அவர் இரண்டு வருஷமாகச் செய்துவந்த வேலைதான் அது. பெரிய ஆலாபனை என்றால் மூணு நிமிஷத்துக்கு மேல் எங்கேயாவது காந்தாரத்தில் நின்றே தீருவார்கள். தோடி காந்தாரத்தைக் குறை சொன்னால் ஒருத்தனும் எதிர்த்துக் கேட்க மாட்டான், தனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. அப்படியேதான் நடந்தது. 'கரெக்ட் சார்', 'நானும் கவனித்தேன்' என்று முப்பது பேர் வரிசையில் வந்தார்கள். குழு அட்மின் வெங்கி கை தட்டும் பொம்மை மூன்று போட்டான். நெருளிலிருந்து சாருலதா என்ற ஒரு பெண் மட்டும், 'எனக்குச் சரியாகத்தானே கேட்கிறது?' என்று எழுதினாள். எல்லாரும் சேர்ந்து அவளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் சாயங்காலமே குழுவை விட்டுப் போய்விட்டாள்.

ஏஞ்சலம்மாள் போகவில்லை. மறுநாள் திரும்பப் பாடி அனுப்பினாள். '3:20. மறுபடி' என்றார். அதற்கு மறுநாள். 'மறுபடி.' அவள் விடாமல் அனுப்ப அனுப்ப, இவருக்கும் அது ஒரு ருசியாகிப்போனது. அதைத்தான் இப்போது நினைக்கவே கூசியது. பதினோரு நாள் கழித்து அவள் மகன் சாஜனிடமிருந்து ஒரு வரி வந்தது. போனைக் கையில் வைத்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே அம்மா மூச்சடைத்து இறந்துவிட்டதாக. எல்லாரும் கும்பிடும் கை போட்டார்கள். பஞ்சாபகேசன் நாலு கை போட்டார். மூணு வாரம் ஆகிறது.

அவள் செத்த அன்று பன்னிரண்டாவதாக ஒரு பதிவு, குழுவுக்கு இல்லை, அவருக்கே தனியாக வந்திருந்தது. அதை அவர் திறக்கவே இல்லை.

த...த...ரி...ந. நின்றது. மூச்சு.

சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்தார். மெஷின் போனோடு சேர்ந்துகொள்ளும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். சத்தம் நேரே மண்டைக்குள் வந்து விழுந்தது. முதல் நாள் பதிவு. மூணு இருபது. காந்தாரம்.

சரியாக இருந்தது.

சரி என்று சும்மா சொன்னால் போதாது. அந்த ஸ்வரம் அசைந்து அசைந்து நின்ற அழகில் அவர் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. நாற்பது வருஷம் கச்சேரி கேட்ட ஆள், ஐயோ, இதையா என்று வாய்விட்டுச் சொன்னார். இரண்டாம் நாளும் சரி. நாலாம் நாள் கொஞ்சம் தயங்கியிருந்தாள். பதிவின் கடைசியில் அவள் பேசியிருந்ததையும் இப்போதுதான் கேட்டார். "ஐயா, நீங்க சொன்ன எடத்தக் கொஞ்சம் எறக்கிப் பாத்திருக்கேன். இப்ப சரியா வந்துட்டா?" ஏழாம் நாள் காந்தாரம் நிஜமாகவே தப்பாகிவிட்டது. ஒன்பதாம் நாள், "தொண்ட கட்டிட்டு. இருந்தாலும் பாடுதேன் ஐயா." பதினோராம் நாள் அது தோடியாகவே இல்லை. சரியாக இருந்ததை இவர் சொல்லிச் சொல்லி, அவள் தேடித் தேடி, உடைத்துப் போட்டிருந்தாள்.

அவருக்கு முகம் எரிந்தது. யாருமில்லாத ஹாலில் துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கொண்டார். இப்படி ஒரு வெட்கத்தை எழுபது வயசில் படுவோம் என்று அவர் நினைத்ததில்லை.

துண்டுக்குள்ளிருந்தே பன்னிரண்டாவதைத் தொட்டார்.

த...த...ரி...ந. நின்றது. "ஐயா, சரியா?" என்றாள். அப்புறம் மௌனம். பதிவு முடியவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. காத்திருக்கிற மூச்சு. அந்த மௌனத்தில் தையல் மெஷின் இல்லை. மின்விசிறியின் கிறீச் இருந்தது. படபடவென்று தார்ப்பாய் இருந்தது. ஒரு கடிகாரம் இரண்டு டிக்குக்கு ஒரு தரம் நொண்டி நொண்டி ஓடுவது இருந்தது. அவர் ரிடையர் ஆகும்போது ஆபீசில் கொடுத்த, இதே ஹால் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம்.

அது பதினொன்று அடித்தது. சுவரிலும் அடித்தது.

போனைக் கீழே போட்டார். பதிவு நின்றது. மூச்சு நிற்கவில்லை.

"சரிம்மா" என்றார் பஞ்சாபகேசன். "ரொம்ப சரி. முதல் நாளே சரி."

த...த...ரி...ந.

"சரின்னு சொல்றேனே!"

நின்றது. மூச்சு. மறுபடி ஆரம்பித்தது, இன்னும் கரகரப்பாக.

இரண்டு காதிலிருந்தும் மெஷினைப் பிடுங்கி டப்பாவில் போட்டு மூடினார். மின்விசிறி போயிற்று. காக்காய் போயிற்று. தார்ப்பாய், கடிகாரம், மாட்டுங்கா, எல்லாம் போயிற்று. பாட்டு மட்டும் இருந்தது, முன்னைவிடத் தெளிவாக.

அவருக்குப் புரிந்துவிட்டது. தனியாக அவளிடம் சொன்னால் போதாது. நானூறு பேர் முன்னால் தப்பு என்றவர் நானூறு பேர் முன்னால் சரி என்று சொல்ல வேண்டும். போனைப் பொறுக்கி, குழுவில் தட்டச்சு செய்யத் தொடங்கினார். 'ஏஞ்சலம்மாள் பாடிய காந்தாரம் சரி. நான் கேட்கவே இல்லை. எனக்கு இரண்டு வருஷமாகக் காது கேட்காது.'

பாட்டு நின்றது.

மூச்சும் நின்றது. அவர் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து படிக்கிற மாதிரி பிடரியில் ஒரு வெதுவெதுப்பு. மெல்லிய தோல் பட்டறை வாசனை. அனுப்புகிற பொத்தான் மேல் கட்டைவிரல். ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது வெங்கியின் செய்தி வந்து விழுந்தது. நாளைய அழைப்பிதழ். ஜிப்பா போட்ட அவர் படம், கீழே தங்க எழுத்தில் 'நுண்செவிச் செல்வர்'. அதன் கீழ் வாழ்த்துகள் கடகடவென்று ஏறின. 'உங்கள் காதுக்கு ஈடு உண்டா மாமா!'

கட்டைவிரல் நகர்ந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். நாளைக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நாளை ஒருநாள் போகட்டும். 'அனைவருக்கும் நன்றி' என்று எழுதி அனுப்பினார். தன்னைத் தானே காறித் துப்பலாம் போல இருந்தது.

பிடரிக்குப் பின்னால் மூச்சு இழுத்தது.

த...

"சரி" என்றார்.

த...ரி...

"சரி. சரிம்மா. சரி!"

பூஜை அறையில் போய் உட்கார்ந்தார். சரி. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டார். சரி. தண்ணீர் ஓடுவது கேட்கவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்தார். சரி. அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. ரத்தம் கட்டின தொண்டை. நடுவில் இருமினாள். காந்தார வாசலில் நின்று கேட்டாள். சரியா ஐயா? சரி என்றார். நூறு தரம். இருநூறு தரம். அவர் தொண்டையும் புண்ணாகிவிட்டது. அவள் ஒரு தரம்கூட நம்பவில்லை. வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரையைத் தாண்டிப் போனது. அவர் சாப்பிடவில்லை.

ஹால் விளக்கு எரிந்தது. ஷ்யாமளா செருப்போடு நின்றிருந்தாள், கையில் பை. அவள் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. அவர் தட்டுத் தடுமாறி டப்பாவைத் திறந்து மெஷினை மாட்டினார்.

"...காலம்பரேர்ந்து யாரை இப்படிப் போட்டு வதைக்கறேள்?" அவள் குரல் நடுங்கியது. "படியேறி வரச்சே நானே கேட்டேன். வாட்ச்மேன் கேக்கறான், ஸாப் கிஸ்கோ டாண்ட் ரஹே ஹைன்னு, ஐயா யாரைத் திட்டறார்னு. உள்ள யாராவது இருக்காளா? பாடிண்டே அழறாளே, அந்தப் பொம்மனாட்டி யாரு?"

"நான் திட்டலைடி. சரின்னுதானே சொல்லிண்டிருக்கேன்."

"எங்க சொன்னேள்?" அவள் ஒரு அடி பின்னால் போனாள். "அவ நிறுத்தறா. நீங்க மறுபடிங்கறேள். அவ நிறுத்தறா. மறுபடிங்கறேள். அதையேதான் சொல்லிண்டிருக்கேள்."

த...த...ரி...ந. நின்றது. மூச்சு காத்திருந்தது.

வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் தலை வாருகிற கண்ணாடி மாட்டியிருந்தது. பஞ்சாபகேசன் அதன் முன்னால் போய் நின்றார். சரி என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டாம். பல்லும் நாக்கும் போதும்; மறுபடி என்றால்தான் ம-வுக்கு ஒரு தரம், ப-வுக்கு ஒரு தரம் ஒட்டும். ஒரு வார்த்தை. சின்ன வார்த்தை. சங்கீதம் பழகின காதில்லையா, தன் குரலைத் தானே நன்றாகக் கவனித்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"சரி."

அவர் காதில் சரி என்றுதான் விழுந்தது.

கண்ணாடியில் அவருடைய இரண்டு உதடும் ஒரு தரம் ஒட்டிப் பிரிந்தன. இன்னொரு தரம் ஒட்டிப் பிரிந்தன. ஷ்யாமளா கையிலிருந்த பை கீழே விழுந்தது, காதைப் பொத்திக்கொண்டு அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவருடைய தோளுக்குப் பின்னால் ஏஞ்சலம்மாள் மூச்சை இழுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.