இரண்டு கையிலும் வாட்ச்

கிரேன்காரர் பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தைல வாசனை அடித்தது.

மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறார். பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி நாற்றம் அடிக்கலாம், எலி செத்த நாற்றம் அடிக்கலாம். தைலம் எப்படி அடிக்கும்? அது செத்துப்போன மனைவியின் வாசனை. வாட்ச் வார் அரித்த மணிக்கட்டில் அவள்தான் ஓயாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

"துணிமணியில ஒட்டியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

மனுஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மீட்டர் முள்ளை நம்பித் தூக்கிய பாரம் அறுந்து விழுந்ததை ஒருமுறை கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து எந்த முள்ளையும் நம்புவதில்லை.

மகன் வெளியூர்க்காரன் ஆகிவிட்டான். பெற்றவர்களை வந்து பார்க்க நேரமில்லாத பிள்ளைகளுக்காகவே எவனோ அந்த வாட்சைக் கண்டுபிடித்திருக்கிறான். நேரம் காட்டுவது அதற்கு உபதொழில். நாடித்துடிப்பு, நடை, தூக்கம் என்று எல்லாவற்றையும் மகன் போனில் இருக்கும் ஆப்புக்குக் கோள் சொல்லிவிடும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று வாங்கி அனுப்பினான்.

"நான் என்ன ஓடிப்போற மாடா, மணி கட்டி விட?" என்று கிரேன்காரர் தன்னுடையதைத் தூக்கி எறிந்தார்.

"சும்மா கத்தாதீங்க. உங்களதையும் நானே கட்டிக்கிறேன். புள்ள மனசு நோகக் கூடாது" என்று அவள் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாள். எலும்பும் தோலுமான கை. கடைசித் துளை வரை இழுத்துச் செருகினாலும் வார் தொளதொளவென்று ஆடும்.

"அப்பாவும் அம்மாவும் சேர்ந்தேதான் நடக்கிறீங்க போல. என்னா ஜோடிப் பொருத்தம்!" என்று மகன் போனில் சிரிப்பான். இவர்களும் சிரிப்பார்கள்.

அவள் சமையலறையில் சுருண்டு விழுந்தபோது கிரேன்காரர் சலூனில் இருந்தார். மகன் போனில் இரண்டு பேருக்கும் சேர்ந்து அபாய மணி அடித்தது. இரண்டு இதயம் ஒரே நொடியில் எப்படி நிற்கும்? ஆப்தான் கெட்டுப்போச்சு என்று அவன் போனை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

ஏன் அப்படி அடித்தது என்று அவனுக்குத் தெரியாது. அப்பனுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

அவளுடைய வாட்சை மகன் ஞாபகத்துக்கென்று எடுத்து, ஆப்பில் தன் பேருக்கு மாற்றிக் கையில் கட்டிக்கொண்டான். தன் பேரில் இருந்ததைக் கிரேன்காரர் ஸ்பானர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் அவனோடு கிளம்பினார். திரும்பி வந்ததும் கட்டிக்கொள்வதாக அவனுக்கு ஒரு வாக்குறுதி வேறு.

வந்த மறுநாளே போன் வந்தது.

"பரவாயில்லையே, கட்டிட்டீங்களே! காலையிலயே நல்ல நடை நடந்திருக்கீங்க. நாடியும் ஜம்முனு இருக்கு."

கிரேன்காரர் அதுவரை கட்டிலை விட்டே இறங்கவில்லை. நெஞ்சில் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். ஸ்பானர்களுக்கு நடுவில் வாட்ச் கிடந்தது. சார்ஜ் போட்டு ஒரு மாதம் ஆகிறது. அடியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

தொட்டுப் பார்த்தார்.

வார் சூடாக இருந்தது.

வெயில் சூடு இல்லை. ஆள் அப்போதுதான் கழற்றிப் போட்ட செருப்பில் இருக்குமே, அந்தச் சூடு.

பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

நெஞ்சுப் பிடிப்பு நாளுக்கு நாள் இறுகியது. மகனிடம் சொன்னால், "வாயுவா இருக்கும்பா. உங்க கணக்கெல்லாம் என் கையிலதானே இருக்கு" என்றான். டாக்டரிடம் போனார். அவர் மகன் அனுப்பிவைத்த ஆப் கணக்கைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைக்கவில்லை. "எனக்கே இப்படி இல்ல பெரியவரே. இன்னும் நூறு வருஷம் இருப்பீங்க" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

வீட்டில் பட்டப்பகலில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து முன்னறைக்கு. முன்னறையிலிருந்து சமையலறைக்கு. அவள் நடை. இடது காலை லேசாக இழுத்து இழுத்து.

அவர் பங்கையும் சேர்த்து நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனவர் சமையலறையில் சரிந்தார். அவள் விழுந்த அதே இடம். நெஞ்சின் மேல் பாரத்தை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. தட்டுத்தடுமாறி மகனை அழைத்தார்.

"முடியலடா. ஆள அனுப்பு. யாரையாவது அனுப்பு."

"இருங்க, பாக்குறேன்... அப்பா, எழுபத்திரண்டு துடிக்குது. நடந்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

"அத நான் கட்டவே இல்லடா. எப்பவுமே கட்டல. உங்கம்மாதான் ரெண்டு கையிலயும் கட்டியிருந்தா."

மகன் மெதுவாகக் கேட்டான்.

"சரி. அப்ப இப்ப யாரு கட்டியிருக்கா?"

அவர் கை இடுப்புச் சாவியைத் தேடியது.

"என்னைப் பாக்கணும்னா வாடான்னு சொல்லுங்க, வரேன். அதுக்காகச் செத்துப்போன அம்மாவ இதுல இழுக்காதீங்க." அவன் குரல் உடைந்திருந்தது. வைத்துவிட்டான்.

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. தைல வாசனை மூக்கை அடைத்தது.

"பயப்படாதீங்க."

காதோரம். அவள் குரல்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

தெரியட்டும்டி, பாவி, தெரியட்டும் என்று கத்தப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

அதன் பிறகும் ஆப்பில் அப்பா நாள் தவறாமல் நடந்தார். நிம்மதியாகத் தூங்கினார். மகனுக்குக் கோபமும் ஆறவில்லை. நாடி நன்றாக இருக்கும்போது கூப்பிட என்ன அவசரம்? கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவர்தான் நாற்றம் தாங்காமல் கதவை உடைத்தார்.

காரியங்கள் முடிந்த பிறகு மகன் அப்பாவின் இடுப்பிலிருந்து எடுத்த சாவியால் பெட்டியைத் திறந்தான். வாட்ச் செத்துக் கிடந்தது. வார் மட்டும் வட்டமாக மாட்டியபடியே இருந்தது, கடைசித் துளையில். அப்பாவின் கிரேன் பிடித்த கை அதற்குள் பாதிகூட நுழையாது.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தன் கையில் இருந்த அம்மாவின் வாட்சைக் கழற்றினான். துணியில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. விடியும்போது நெஞ்சில் ஏதோ பிடித்தது. மனைவியை எழுப்பி, டாக்டரிடம் போகலாம் என்றான்.

அவள் தூக்கக் கலக்கத்தில் அவன் போனை எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, ராத்திரி முழுக்க நல்லாத் தூங்கியிருக்கீங்களே. நாடியும் ஜம்முனு இருக்கு. பேசாமப் படுங்க."

அவன் திரும்பிப் பீரோவைப் பார்த்தான்.

அறையில் தைல வாசனை அடித்தது.