ஈயத்தகட்டின் கீழ் ஐந்து கறைகள்

காலை பதினொரு மணிக்கு அந்த மருத்துவமனையின் அடித்தளத்துக்கு இறங்கினேன். எக்ஸ்ரே பிலிம் எவ்வளவு கதிருக்கு எவ்வளவு கறுக்கிறது என்று அளப்பது என் பிழைப்பு. அங்கே இருட்டறையில் பிலிம் கழுவுகிறவன் என் தம்பி. இரண்டு மாதமாகப் படங்களில் சாம்பல் கறை விழுகிறதாம். இவன் கதவைச் சரியாகச் சாத்தாமல் வெளிச்சம் புகுந்துவிடுகிறது என்று சொல்லி, பெரிய டாக்டர் அவன் சீட்டைக் கிழிக்கக் காத்திருந்தார்.

"உங்க தம்பிதானே? நீங்களே அளந்து சொல்லுங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

இருட்டறையைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினேன். மருந்து நெடி எனக்குப் பழக்கம்தான், இது வேறு. புண்ணுக்குப் போட்ட கட்டை நாலு நாள் கழித்து அவிழ்த்தால் வருமே, அந்த நாற்றம். தொட்டி விளிம்பில் பழுப்பாக, கொழகொழவென்று என்னவோ படிந்திருந்தது.

"சீ! கழுவவே மாட்டியாடா?"

"தினம் கழுவுறேன்க்கா. மறுநாளே வந்துடுது." குரலைத் தாழ்த்தினான். "தொட்டில கையை மட்டும் விட்டுடாத."

வேலை எளிதுதான். பிலிமின் ஒரு பாதிமேல் பதினொரு படி கொண்ட அலுமினியத் துண்டு, மறுபாதிமேல் ஈயத்தகடு. கதிரைக் காட்டிக் கழுவினால், படிகளுக்குக் கீழே கறுப்பிலிருந்து வெளுப்புவரை பதினொரு பட்டை விழும். ஈயத்தின் அடியில் இருந்த பாதி கண்ணாடி மாதிரி வர வேண்டும். அது முழுக்கச் சாம்பலானால் வெளிச்சம் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தம்பிக்கு வேலை போய்விடும். ஏற்கெனவே மூன்று இடத்தில் நிலைக்காதவன். இதுவும் போனால் கைக்குழந்தையோடு குடும்பம் நடுத்தெருவில்தான்.

கதிர் காட்டிய பிலிமோடு இருட்டறைக்குள் போய், அவனை வெளியே நிறுத்திக் கதவைத் தாழிட்டேன். பழைய சிவப்பு விளக்கையும் நம்பாமல் அணைத்தேன். இருட்டில் எது எந்தத் தொட்டி என்று எங்களுக்கு விரல்தான் சொல்லும். பிலிமைக் கறுக்க வைக்கும் மருந்து சோப்புத் தண்ணீர்போல வழுக்கும், கறுத்ததை நிலைக்கவைக்கும் அடுத்த தொட்டி மருந்து வழுக்காது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! தம்பி சொன்னதை மறந்து இடது கையை விட்டுவிட்டேன்.

வழுக்கியது.

வெதுவெதுவென்றும் இருந்தது. ஊறிப்போன தோல் ஒன்று விரலில் சுற்றிக்கொண்டது. உதறினேன், போகவில்லை.

தோலுக்குள் எலும்பு தட்டுப்பட்டது.

விரல்கள்.

அவை என் விரல்களுக்கிடையே நுழைந்து பிடித்துக்கொண்டன. என் வலது கையிலிருந்த பிலிமை இன்னொரு கை பக்குவமாக வாங்கிக்கொண்டது.

"தம்பி... விளையாடாதடா."

"என்னக்கா?"

குரல் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது.

நாலைந்து நிமிஷம் கழித்து அடுத்த தொட்டியில் சளக்கென்று சத்தம் கேட்டது. பிறகு பிலிம் என் கைக்கே திரும்பி வந்தது, கழுவி முடித்து. பிடியும் விட்டது.

வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தேன். முழங்கைவரை ஏழு தடவை சோப்புப் போட்டேன். அப்புறம்தான் பிலிமைக் கறுப்பை அளக்கும் மீட்டரில் வைத்தேன். பதினொரு பட்டையும் பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம். ஈயத்தின் அடியில் இருந்த பாதியும் தெளிவுதான், ஐந்து சாம்பல் கறைகளைத் தவிர. ஐந்தும் விரல் நுனிகள். ஒன்றில்கூட ரேகை இல்லை. என் விரலும் பொருந்தவில்லை, தம்பி விரலும் பொருந்தவில்லை.

"எனக்கு முன்னாடி இங்க கழுவிட்டிருந்து செத்துப்போனவர் கையுறையே போட மாட்டாராம்க்கா" என்று கிசுகிசுத்தான். "கடைசில தோலெல்லாம்..."

"வாயை மூடு."

உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் பைத்தியப் பட்டம்தான். 'வெளிச்சம் புகவில்லை. மருந்து கெட்டுவிட்டது. பணியாளர்மேல் தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய டாக்டரின் முகம் சுருங்கியது. தொட்டியைக் காலி செய்தார்கள். அடியிலிருந்து இரண்டு கைப்பிடி நகம் வாரியதாகத் தம்பி சொன்னான்.

வேலை தப்பியது. மூன்று வாரம் கழித்து அவனே போன் செய்தான்.

"படமெல்லாம் பளிச்சுனு வருதுக்கா. பெரிய டாக்டரே பாராட்டினாரு."

"தொட்டியைக் கழுவுறியா?"

"நான் தொட்டிப் பக்கமே போறதில்ல. இருட்டுல பிலிமை நீட்டினா போதும், அவரே வாங்கிக்கிறாரு." சந்தோஷமாகத்தான் சொன்னான். "கைதான் லேசா உரியுதுக்கா. பாப்பாவைத் தூக்கினா தோல் அவ கன்னத்துல ஒட்டிக்குது."